ஹில்டூர் இரண்டு முறை ஓட்டுப் போட்டாள்

பதினொரு வருடங்களாக ஹில்டூர் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறாள். பக்கத்து இருக்கையில் நர்ஸாக நான், தூரே. அதற்கு முன் அவள் மரம் ஏற்றும் லாரி ஓட்டியவள். பனியில் சறுக்கும் வண்டியை ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லாமல் நிறுத்துவாள். அவள் கத்தி நான் கேட்டது ஒரே முறை: தேர்தலுக்கு முந்திய வெள்ளிக்கிழமை மாலை, தொலைக்காட்சியைப் பார்த்து.

எங்கள் ஊரில் ராத்திரிக்கு இருப்பது ஒரே ஆம்புலன்ஸ். அதையும் எடுத்துவிடலாம் என்று பேச்சு இருந்தது; எடுத்துவிட்டால் அடுத்தது தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளி. ஜூன் மாதம் மாகாண சபை வேட்பாளர் விக்லண்ட் எங்கள் நிலையத்துக்கு வந்தான். காபி குடித்து ஏலக்காய் பன் இரண்டு தின்றுவிட்டு, "ராத்திரி வண்டி இருக்கும், நான் பொறுப்பு" என்றான். ஹில்டூர் நம்பினாள். ஞாயிற்றுக்கிழமை டியூட்டி என்பதால் செவ்வாயன்றே நூலகத்தில் ஓட்டுப் போட்டாள். கட்சிக்குப் போட்டது போதாதென்று, மாகாண சபைக்கான நீலச் சீட்டில் இவன்தான் வேண்டும் என்று அவன் பெயருக்கு நேராகப் பெருக்கல் குறியும் போட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை டிவி விவாதத்தில் நான்கு வேட்பாளர்கள் நின்றார்கள். ராத்திரி ஆம்புலன்ஸ் இருக்குமா, இருக்காதா என்று நெறியாளர் கேட்டாள். விக்லண்ட் சிரித்தான்.

"பரிசீலிக்கணும். அங்க வேலை பார்க்கறவங்களோட உட்கார்ந்து காபி குடிச்சிருக்கேன். பாதி ராத்திரி தூங்கத்தான் செய்யறோம்னு அவங்களே சொன்னாங்க."

ஹில்டூர் கோப்பையை மேசையில் வைத்தாள்.

"தூரே, அது நான் சொன்னது."

"தெரியும்."

"உன் குறட்டையைப் பத்திச் சொன்னது!"

"அதுவும் தெரியும்."

"பாதி ராத்திரி இவன் குறட்டை, மீதிப் பாதி ரோட்டுலன்னு சொன்னேன்." திரையை நோக்கி எழுந்தாள். "மீதிப் பாதிய எங்கடா விட்ட? பன்னோட முழுங்கிட்டியா? பாலத்துக்கிட்ட வண்டிக்குள்ள பிரசவம் பார்த்தமே, அப்ப தூங்கிட்டா இருந்தோம்?"

விக்லண்ட் பள்ளிக்கூடங்களைப் பற்றிப் பேசப் போய்விட்டான். அவள் டிவியை அணைக்கவிடவில்லை. கடைசி வரை நின்றுகொண்டே பார்த்தாள். அவன் வாய் திறந்தபோதெல்லாம் திட்டினாள். முடிந்ததும் குரல் இறங்கிவிட்டது.

"அவனுக்குப் பெருக்கல் வேற போட்டேன், தூரே."

"ஞாயித்துக்கிழமை போய் மறுபடி போடு."

முன்கூட்டி ஓட்டுப் போட்டவர் தேர்தல் நாளில் நேரில் வந்து போட்டால், பழைய உறையைத் திறக்காமலே ஒதுக்கிவிடுவார்கள். அப்படி வருபவர்களைப் பார்த்து, சட்டையை மாற்றக் கடைக்கு வந்தவர்கள் என்று அவள் கேலி செய்வதுண்டு. அன்று செய்யவில்லை.

ஞாயிறு காலை அழைப்பு இல்லாத நேரம் பார்த்து ஆம்புலன்ஸைப் பள்ளிக்கூட வாசலில் நிறுத்தினோம். கட்சிக்காரர்கள் வழக்கம்போலத் தங்கள் கட்சிப் பெயர் அச்சிட்ட வாக்குச் சீட்டுகளை நீட்டிக்கொண்டு நின்றார்கள். அவர்களில் விக்லண்டும் இருந்தான். வண்டியைக் கண்டு முகம் மாறி ஓடிவந்தான்.

"ஹில்டூர்! யாருக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. உனக்குப் போட்ட ஓட்ட எடுத்துட்டுப் போக வந்தேன்."

"டிவில நேரம் கம்மி, முழுசாச் சொல்ல முடியல..."

"என் வார்த்தைய வெட்டறதுக்கு நேரம் இருந்துச்சுல்ல?"

வரிசை திரும்பிப் பார்த்தது. அவன் பழக்கத்தில் நீலச் சீட்டை நீட்டினான். அவள் அதை வாங்கிக்கொள்ளவில்லை. தள்ளிவிடவும் இல்லை. அவன் கையைத் தானாகக் கீழே இறக்கும் வரை நின்றாள்.

உள்ளே அடையாள அட்டையைக் காட்டி, "செவ்வாய்க்கிழமை போட்டது வேணாம்" என்றாள். மேசையில் இருந்தவர் அவளுடைய புது உறையை வாங்கிப் பெட்டியில் போட்டார்.

விக்லண்ட் ஜெயித்துவிட்டான். செய்தியைச் சொன்னபோது ஹில்டூர் சக்கரத்தின் காற்றைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஜெயிக்கட்டும். நவம்பர்ல மாகாண சபையில ராத்திரி வண்டியைப் பத்தி முடிவு எடுக்கறாங்கல்ல, பார்வையாளர் வரிசையில ரெண்டு இடம் சொல்லி வெச்சிருக்கேன். உனக்கும் சேர்த்து."

"நான் எதுக்கு?"

"அவன் பேசும்போது நான் எழுந்து நிப்பேன். நீ என் கையப் பிடிச்சு உட்கார வைக்காம இருக்கணும், அதுக்குத்தான்."