மரகதத்தின் கையில் இனி யார் எழுதுவது?

ரூபி டீச்சர் இறந்துவிட்டார். நேற்று விடியற்காலை, ஆம்பூரில்... விஷக்காய்ச்சல்.

காட்பாடி ஸ்டேஷனில் எனக்குத் தெரிந்த தோல் வியாபாரி ஒருவர் சொன்னார். "மரகதத்துக்கு இன்னும் யாரும் சொல்லல சார். எப்படிச் சொல்றதுன்னு எல்லாருக்கும் பயம்" என்றார். எனக்கும் அப்போதுதான் பயம் வந்தது.

தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன். மரகதம் ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப் ஒன்றில் வேலை செய்தவர். அம்மை போட்டுப் பிழைத்தபோது இரண்டு கண்ணும் போயிருந்தன, காதும் கேட்கவில்லை. பேச்சு மட்டும் மிச்சம்.

பள்ளிக்கூடம் பக்கம் போனதில்லை, ஒரு எழுத்தும் தெரியாது. அவர் பேசலாம். அவரிடம் எதையும் சொல்ல யாருக்கும் வழியில்லை.

முதன்முதலில் நான் கேட்டது அவருடைய அலறலைத்தான். தோல் ஷாப்பைப் பற்றிப் பத்திரிகைக்கு எழுதப் போயிருந்தேன். பக்கத்துச் சந்தில் ஒரு பெண்ணைக் குளிக்க வைக்கக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார் ஒருவர்.

"யாரு நீ? எங்க இட்டுகினு போற? சுண்ணாம்புக் குழியில தள்ளப் போறியா? அண்ணே... அண்ணே, வந்து காப்பாத்து!"

இழுத்துக்கொண்டிருந்ததே அந்த அண்ணன்தான். அந்தோணி. தோலில் மயிர் கழல ஊறப்போடும் சுண்ணாம்புக் குழி வீட்டுக்கு மிக அருகில் இருந்தது. அந்த வாடை மரகதத்துக்கு எப்போதும் வந்துகொண்டிருக்கும். தன்னைத் தொடுவது யார், எதற்கு என்று தெரியாமல் ஒவ்வொரு நாளும் அந்தப் பயத்திலேயே இருந்தார்.

ரூபி டீச்சர் வேலூர்ப் பெண். பெண்கள் பள்ளிக்கூட வேலைக்கு ஆம்பூர் வந்து, அந்தச் சந்திலேயே குடியேறியவர். மரகதத்தைவிட வயதில் சின்னவர்.

வந்ததும் தெருவுக்கே ஒரு சட்டம் போட்டார். "யாரும் அவங்களப் பிடிச்சு இழுக்காதீங்க. உங்க கைய நீட்டிட்டு நில்லுங்க. அவங்களா தொட்டுப் பாக்கட்டும்."

மரகதத்துக்கு எழுத்துச் சொல்லித்தரப் போகிறேன் என்றதும் வாசலில் நின்ற பெண்களுக்குச் சிரிப்பு. "கண்ணும் இல்ல, காதும் இல்ல. இன்னா படிச்சு கலெக்டரா ஆவப் போறா?"

தோல் துண்டுகளை எழுத்து வடிவத்தில் வெட்டி, மரகதத்தின் விரலால் தடவ வைத்தார் டீச்சர். அதே வடிவத்தை உள்ளங்கையில் எழுதுவார். துண்டுகளெல்லாம் ஷாப்பில் கழித்துப் போட்டவை. ஆடு, மாடு, எருமை... கிடைத்ததெல்லாம்.

மரகதம் ஒவ்வொன்றையும் தடவி, முகர்ந்து சொல்வார். "இது வெள்ளாடு. இது எருமை. இது பதமாவ ஆவாரம்பட்டை பத்தல, மேஸ்திரி."

தன்னை மறுபடி வேலைக்கு எடுக்கத்தான் பரீட்சை வைக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தார். அதில் தோற்றுவிடக் கூடாதே என்று ஒவ்வொரு துண்டையும் திரும்பத் திரும்ப முகர்வார்.

"நான் கேக்காத கேள்விக்கெல்லாம் அவங்க பாஸ் பண்றாங்க சார். நான்தான் ஃபெயில்" என்றார் டீச்சர். அவருக்கும் காரணம் புரிய நாளாயிற்று. புரிந்த அன்றே ஒரே ஆட்டுத்தோலை வாங்கி, எல்லா எழுத்தையும் அதிலேயே வெட்டினார்.

அன்று நானும் இருந்தேன். மரகதம் தடவினார். அடுத்ததைத் தடவினார். திரும்பவும் முதல் துண்டுக்கு வந்தார்.

"எல்லாம் ஒரே தோலு..." குரல் இறங்கியது. "அப்ப நீங்க கேக்கறது தோல இல்ல. இந்த வளைவு வேற, இது வேற... எங்கிட்ட யாரோ பேசறீங்களா?"

டீச்சர் அவர் உள்ளங்கையில் அந்த வளைவை எழுதினார். அழுதுகொண்டே எழுதினார்.

எழுத்தெல்லாம் கைவந்த பிறகு, மெட்ராஸிலிருந்து பிரெய்ல் புள்ளி எழுத்துப் புத்தகம் தருவித்துக் கொடுத்தார். சிரித்த பெண்களே சாயங்காலம் வந்து உட்கார்ந்து, மரகதம் விரலால் படிப்பதைக் கேட்பார்கள். யாராவது விளக்கு ஏற்றினால் வாடையிலேயே அவருக்குத் தெரிந்துவிடும். "எனக்கு வௌக்கு எதுக்குடி? எண்ணெய உன் தலைக்குத் தடவு" என்பார் மரகதம்.

இன்று ஆம்பூர் போனேன். அடக்கம் முடிந்திருந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து எல்லோரும் வந்திருந்தார்கள். ஒருவருக்கும் மரகதத்தின் வீட்டுப் பக்கம் போகத் துணிவில்லை.

"நீங்க எழுதிடுங்க சார். எங்க வீட்ல யாருக்கும் எழுத்து தெரியாது" என்றார் அந்தோணி.

வீட்டில் மரகதம் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். "டீச்சர் ஏன் வரல? கேட்டா ஒருத்தரும் கைய குடுக்க மாட்றீங்க. இன்னா ஆச்சு?"

கையை நீட்டினேன். தடவிப் பார்த்தார். "பத்திரிகை சாரா?"

'டீச்சர்' என்று எழுதினேன்.

"ம்... டீச்சருக்கு? எழுதுங்க சார்."

'காய்ச்சல்.'

"ஜாஸ்தியா?"

எத்தனையோ சாவுகளை எழுதியவன் நான். 'இறந்து' என்று தொடங்கி முடிப்பதற்குள், என் விரலோடு சேர்த்துத் தன் கையை மூடிக்கொண்டார்.

"நீங்க சாய்ங்கால வண்டிக்குப் போய்டுவீங்க. அப்புறம் எங்கிட்ட யாரு பேசுவா?"

மரகதமே வீட்டுக்குள் முகம் திருப்பிக் கூப்பிட்டார்.

"அண்ணி! எங்க இருக்கற? கைய குடு!"

அந்தோணியின் மனைவி சலோமி பயந்துகொண்டே வந்து உட்கார்ந்தார். "எனக்கு இதெல்லாம் வராதும்மா" என்றார். அது மரகதத்துக்குக் கேட்காது. அவர் சலோமியின் உள்ளங்கையை விரித்து, அழுத்தி, மெதுவாக ஒரு 'அ' போட்டார். "இப்ப நீ என் கையில போடு."

சலோமி போட்டார்.

"தப்பு. மறுபடி."

மறுபடி போட்டார்.

"தப்பு. வுட்டுடாத அண்ணி. நீ கத்துக்கலன்னா... பொழுது விடிஞ்சிச்சான்னு கூட எனக்கு யாரும் சொல்ல மாட்டீங்க."

நான் வண்டிக்குக் கிளம்பும் வரை 'அ' சரியாக வரவில்லை. இருவரும் கையை விடவில்லை.

போய் வாருங்கள், ரூபி டீச்சர்.