பல்லிக்கு எதற்கு பெல்ட்?

"என்னைத் தள்ளிவிடற காத்து இன்னும் பொறக்கலம்மா!"

பாதுகாப்பு பெல்ட்டைக் கட்டிக்கொள்ளச் சொன்ன இன்ஜினியர் அம்மாவுக்கு, இரண்டாம் மாடி உயரச் சாரத்திலிருந்து கொத்தனார் அருளிய பதில் இது. சுவரோடு ஒட்டி நின்று பூசுவதால் அவருக்குப் பல்லி என்று பெயர். கேலிக்கு வைத்ததைப் பட்டமாக ஏற்றுக்கொண்ட பெருந்தன்மைக்காரர்.

சாரத்தில் இடுப்பளவுக்குக் கட்டியிருக்கும் தடுப்புக் கம்பு அவருடைய ஜென்ம விரோதி. கரண்டி வீசினால் முழங்கையில் இடிக்கிறதாம். காலையில் வந்ததும் முதல் காரியமாக அதை அவிழ்த்துவிடுவார். நிற்கும் பலகையையும் கட்டமாட்டார். பூசப் பூச நகர்த்த வேண்டுமே, யார் கட்டி அவிழ்ப்பது? எந்த முனையை மிதித்தால் பலகை கவிழும் என்பது அவர் பாதத்துக்கு அத்துப்படி.

அவர் பாதத்துக்கு மட்டும்.

அதே வீட்டுக் கட்டடத்தில் சித்தாள் வேலை பார்த்த அவர் மனைவிக்கு அது தெரியாது. கலவையைக் கீழிருந்து கயிற்றில் ஏற்றிவிடுவது அந்த அம்மாள் வேலை. அன்று கயிறு சிக்கிக்கொண்டது. மேலே புருஷன் "கலவை! கலவை!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் கலவைச் சட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு படியேறி, ஜன்னல் திறப்பு வழியாக வெளியே வந்து பலகை முனையில் கால் வைத்துவிட்டார்.

முனை தாழ்ந்தது. மறுமுனையில் நின்ற கொத்தனாருக்கு உயிரே போய்வந்தது.

"நில்லு! அசையாதே!"

"கலவைதானே கேட்டீங்க?"

"அது கெடக்கட்டும்! சட்டியை உள்ள வீசு!"

"வீசிட்டா மறுபடி யாரு கலக்கறது? நீங்களா?"

"நானே கலக்கறேன் தாயே! ஜன்னலைப் பிடிச்சுக்கோ!"

கல்யாணமானதிலிருந்து கேட்டறியாத 'தாயே'யைக் கேட்டதும்தான் அந்த அம்மாளுக்கு விபரீதம் உறைத்தது. சட்டி உள்ளே போய் விழுந்தது. கைகள் ஜன்னல் விளிம்பைப் பற்றின.

ஓடிப்போய்த் தாங்கிப் பிடிக்கக் கொத்தனாருக்கும் ஆசைதான். ஆனால் தன் முனையை விட்டு ஓரடி நகர்ந்தாலும் மனைவியோடு பலகையும் போய்விடும். ஆகவே பல்லியார் மூட்டைபோல உட்கார்ந்தார். வாழ்க்கையிலேயே முதல்முறையாக, இன்னும் கொஞ்சம் குண்டாக இருந்திருக்கக் கூடாதா என்று ஏங்கினார்.

அந்த அம்மாள் மெல்ல உள்ளே காலெடுத்து வைத்தார். பலகை தடாலென்று சமநிலைக்கு வந்தது.

"ஏங்க, வேர்த்துக் கொட்டுதே உங்களுக்கு?"



மாலையில் இன்ஜினியர் அம்மா வந்தபோது பலகையின் இரு முனைகளும் கட்டப்பட்டிருந்தன. தடுப்புக் கம்பு தன் இடத்தில் இருந்தது. கொத்தனாரின் உடம்பில் பெல்ட், அதன் கொக்கி மேலே உறுதியாக மாட்டியிருந்தது. இன்ஜினியர் அம்மா வாயைத் திறப்பதற்குள் அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"காத்து கொஞ்சம் பலமா இருக்கும்மா" என்றார்.

வெளியே ஓர் இலைகூட அசையவில்லை.