கையெழுத்துப் போடாத ஷரத்து

கோலாலம்பூரில் ஒரு பிஸ்கட் பாக்கெட் வாங்கினாலும், அதன் ஓரத்தில் பொடி எழுத்தில் ‘ஷாரட்’ என்று மலாயில் அச்சிட்டிருக்கிறது. யாரும் சொல்லித்தராமல் எனக்குப் புரிந்த முதல் மலாய்ச் சொல் அதுதான். நம் ஊர்ப் பத்திரங்களில் வரும் ‘ஷரத்து’ம் இதுவும் அரபி வழி வந்த ஒரே சொல். வெளிநாட்டு விமான நிலையத்தில் தூரத்துச் சொந்தக்காரரைப் பார்த்ததுபோல் இருந்தது எனக்கு.

என் பிழைப்பே இந்தச் சொற்களில்தான். பங்சாரில் ஓர் அலுவலகத்தில் காப்பீட்டுத் தாள்களைத் தமிழாக்குகிறேன். நிபந்தனையா, ஷரத்தா, வரையறையா, கட்டுப்பாடா என்று நாளெல்லாம் மண்டையை உடைத்துக்கொள்வேன். நிபந்தனை கொஞ்சம் அதிகாரமானது, மேலே இருப்பவர் விதிப்பது. ஷரத்து பத்திரத்தை விட்டு வெளியே வராது. ‘கண்டிஷன்’ என்பது மதுரையில் அம்மா எனக்குப் போடுவது. எதுவானாலும் எழுத்தில் இல்லாதது கணக்கில் சேராது என்பது என் தொழில் புத்தி.

பிரிக்ஃபீல்ட்ஸில் சரோஜா ஆன்டியின் வீட்டுக்குக் குடிவந்தபோதும் அந்தப் புத்தியோடுதான் வந்தேன். ரயில்வேயில் வேலை பார்த்த கணவர் இறந்தபின், ஆன்டி சுங்கை பூலோவில் மகளோடு இருக்கிறார். சென்னையில் எனக்கு வாய்த்த வீட்டுக்காரர், நான் வெளியே போயிருந்தாலும் சரி, குளித்துக்கொண்டிருந்தாலும் சரி, மாற்றுச் சாவியைப் போட்டு உள்ளே வந்து மோட்டாரைப் பார்ப்பவர். சூடு கண்ட பூனையாயிற்றே நான்! ‘குடியிருப்பவர் இல்லாதபோது உரிமையாளர் உள்ளே வரக் கூடாது’ என்று ஒரு ஷரத்தை வற்புறுத்திச் சேர்த்தேன். ஆன்டி கண்ணாடியைப் போட்டு நிதானமாகப் படித்து, மறுபேச்சின்றிக் கையெழுத்திட்டார். கேட்டருகே போய்விட்டுத் திரும்பி, “தீவாளிக்கு மட்டும் ஓப்பன் ஹவுஸ் வெச்சிரும்மா. வருஷா வருஷம் இந்த வீட்டுக்கு எல்லாரும் சாப்பிட வருவாங்க” என்றார். சாவி கையில் கிடைத்த சந்தோஷத்தில் “சரி ஆன்டி” என்றேன். அதை அத்தோடு மறந்தும் போனேன்.

தீபாவளி நெருங்கியது. மதுரைக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். இரண்டு வருடமாக அம்மாவைப் பார்க்கவில்லை. எனக்குப் புடவை எடுத்துவிட்டுத் தினமும் அதன் நிறத்தை வேறு வேறு விதமாக வர்ணித்துக்கொண்டிருந்தாள். ஒரு சனிக்கிழமை நான் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பினால், கேட்டுக்கு வெளியே வெயிலில், பக்கத்து வீட்டு கமாரியா அக்கா போட்டுக்கொடுத்த பிளாஸ்டிக் நாற்காலியில் ஆன்டி உட்கார்ந்திருந்தார். காலடியில் ஒரு பெரிய அண்டா.

“எவ்ளோ நேரமா இருக்கீங்க? உங்ககிட்டயும் ஒரு சாவி இருக்குமே ஆன்டி?”

“இருக்கு லா. நீ இல்லையே, எப்படி உள்ள போறது? கையெழுத்துப் போட்டிருக்கேன்ல.”

குத்திக்காட்டவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். விருந்துக்குக் கறி வைக்க அண்டாவைக் கொண்டுவந்திருந்தார். டிக்கெட் விஷயத்தைச் சொன்னேன்.

“ஓ. அம்மாதான் முக்கியம், போயிட்டு வா. வழக்கமா வர்ற லிம் அங்கிளுக்கெல்லாம் நான் போன் போட்டுச் சொல்லிக்கிறேன்.”

“அந்த ஷரத்த அடிச்சிடறேன் ஆன்டி. நீங்களே வந்து விருந்து வைங்க.”

“குடியிருக்கவங்கதான்மா வாங்கன்னு கூப்பிடணும். ஆளில்லாத வீட்டுக்கு யாரு வருவா?”

ஆன்டியை அழைத்துப்போக மகள் வந்தபோது, அண்டாவை மறுபடி அவளுடைய காரில் ஏற்ற நான்தான் ஒரு பக்கம் பிடித்தேன். அவ்வளவு வெட்கமாக இருந்தது. கார் கிளம்புவதற்குள் பின்கதவைத் திறந்து அண்டாவை இறக்கிவிட்டேன்.

பயணத்தை ஒரு வாரம் தள்ளிப்போட்டதை அம்மாவிடம் சொன்னபோது நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். “வீட்டுக்காரம்மா போட்ட கண்டிஷனுக்காகவா தீபாவளிக்கு வராம இருக்க? அக்ரிமென்ட்ல இருக்கா அது?”

“இல்லம்மா.”

“அப்புறம் என்னடி?”

நான் கரைத்துக் குடித்த அத்தனை சொற்களையும் விட்டுவிட்டு, “புடவை என்ன நிறம்மா?” என்று பேச்சை மாற்றினேன்.

தீபாவளியன்று காலை பத்து மணியிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். லிம் அங்கிள் ஆன்டியின் கணவரோடு வேலை பார்த்தவர். நெய் உருண்டை டப்பாவைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டார். கமாரியா அக்கா மூன்று தலைமுறையோடு வந்திருந்தார். ஆன்டி அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. ஒவ்வொருவரையும் வாசலில் நின்று நான்தான் அழைக்க வேண்டும் என்பதில் மட்டும் கறாராக இருந்தார். நடுவில் அம்மா வீடியோவில் கூப்பிட்டாள். என் பின்னால் நடமாடிய கூட்டத்தைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினாள்.

“யாரு வீட்டுலடி இருக்க?”

“நம்ம வீட்டுலதாம்மா.”

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. அம்மா “சரி, வந்தவங்கள கவனி” என்று வைத்துவிட்டாள்.

கேட்டருகே யாரோ செருப்பைக் கழற்றினார்கள். “வாங்க, உள்ள வாங்க” என்று போனேன். அடுத்த வாரம் நான் மதுரையில் போய் இறங்கும்போது அம்மாவும் என்னை இப்படியே, விருந்தாளியைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டுவிடுவாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது.