நூற்று அறுபத்து மூன்றாவது பெயர்

கட்டைவிரலால் மின்விசிறி இறக்கையின் ஓரத்தை ஒரு முறை நீவுகிறார். பிசிறு இருந்தால் இடது பக்கம், இல்லையென்றால் வலது பக்கம். கண் பெரும்பாலும் பக்கத்தில் நிற்பவளின் முகத்தில் இருக்கும், பேச்சு அங்கேதான் நடந்துகொண்டிருக்கும் என்பதால். ஒரு மணி நேரத்துக்கு நானூறு இறக்கைகள். கையுறை போட மாட்டார். "க்ளவுஸ் போட்டா எனக்குக் கண்ணு தெரியாது" என்பார்.

சீதாலெட்சுமிக்கு வயது நாற்பத்தொன்பது. மேரு என்ற ஊரில் மின்விசிறி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் ஒன்பது வருடங்களாக ஒரே இடத்தில் நிற்கிறார். ஆனால் அவர் அந்தத் தொழிற்சாலையின் ஆள் இல்லை. ஆள் அனுப்பும் ஏஜெண்டின் ஆள். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை கம்பெனி ஏஜெண்டை மாற்றும். அன்றைக்கு அவர் மறுபடியும் புதிதாகச் சேர்ந்தவர் ஆகிவிடுவார். புதியவருக்கு வருடத்துக்கு எட்டு நாள் லீவுதான். போனஸ் இல்லை, கிளினிக் கார்டு இல்லை. "நாலு தடவ தாலி கட்டியாச்சு, மாமியார் வீடு மட்டும் மாறல" என்று சாப்பாட்டு நேரத்தில் சொல்வார். மற்றவர்கள் சிரிக்கும்போது அவர் சிரிப்பதில்லை. கம்பெனியின் சொந்தப் பட்டியலில் தன் பெயர் ஏற வேண்டும் என்பதைத் தவிர அவர் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. அதை வருடா வருடம் கேட்கிறார்.

தொழிற்சாலைக்கு ஐந்து வருட வரிவிலக்கு உண்டு. உள்ளூர்க்காரர் இருநூறு பேரை நேரடியாக வேலைக்கு வைத்துக்கொள்வதாகச் சொல்லி வாங்கியது. நேரடி ஆட்கள் நூற்று நாற்பது பேர்தான், மீதி அறுபது பேர் ஏஜெண்டின் ஆட்கள். அவர்கள் குடியிருக்கும் பண்டமாரானிலிருந்து காலை ஆறே காலுக்குக் கிளம்பும் வேனில் எல்லோருக்கும் இது தெரியும். வேன் ஓட்டும் கன்னையாவுக்குத் தெரிவது மட்டுமல்ல, அடிக்கடி எரிச்சலும் வரும்.

"அவ்ளோ பெரிய கம்பெனி, ஒரு சென் டாக்ஸ் கட்டல. எனக்கு ரோட் டாக்ஸ் ஒரு நாள் லேட்டானா சம்மன். இது என்னா நியாயம்க்கா?"

"சலுகை குடுக்கலன்னா அவன் வியட்நாம் போயிருவான். அப்புறம் யார ஏத்துவ? சம்மன் குடுத்தவனையா?" என்பார் சீதாலெட்சுமி.

"அப்போ குடுக்கலாம்ங்கிறீங்க."

"குடுக்கட்டும். என் மகளுக்கு ஸ்கூல்ல புத்தகம் சும்மாதான் குடுத்தான். படிக்கத்தான குடுத்தான்? வாங்கினவன் படிக்கிறானான்னு யாராச்சும் பாக்கணும்லா."

பார்ப்பதற்கு ஆட்கள் வருகிறார்கள் என்ற செய்தியை, போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, சூப்பர்வைசர் முகுந்தன் கொண்டுவந்தான். அவனுடைய கையில் நீலச் சட்டைகள் இருந்தன. நேரடி ஆட்கள் போடும் சட்டை அது. ஏஜெண்டின் ஆட்களுக்குச் சாம்பல் நிறம்.

"அக்கா, திங்கக்கிழம டாக்ஸ் சலுகைய செக் பண்ண கவர்மெண்டு ஆபீசருங்க வராங்க. இத போட்டுக்குங்க. கேட்டா கம்பெனி ஸ்டாஃப்னு சொல்லுங்க, போதும். சாயந்தரம் திருப்பிக் குடுத்துரணும்."

"துவச்சுக் குடுக்கணுமா, அப்படியே குடுக்கலாமா?"

"வெளையாடாதீங்கக்கா. சலுகை போச்சுன்னா கம்பெனி போயிரும். இந்த அறுவது பொம்பளைங்க வேலயும் போயிரும். என் வேலயும்தான்."

அவர் சட்டையை வாங்கிக்கொண்டார். அளவு பெரியது.

திங்கட்கிழமை வந்த அதிகாரி ஒரு மலாய்ப் பெண். சீதாலெட்சுமியின் அருகே நின்று, எத்தனை வருடம் என்று கேட்டார். ஒன்பது என்றார் சீதாலெட்சுமி. அது பொய் இல்லை. கம்பெனியின் நேரடி ஊழியரா என்று அதிகாரி கேட்டார். முகுந்தன் நிமிர்ந்து தலைக்கு மேல் சுற்றிய விசிறியைப் பார்த்தான். வரிசை முழுக்க நீலச் சட்டைகள், ஒருத்தியும் நிமிரவில்லை. சீதாலெட்சுமி ஆமாம் என்றார். போனஸ் வந்ததா என்று கேட்டார் அதிகாரி.

"பெலும்" என்று மலாயில் சொன்னார் சீதாலெட்சுமி. இன்னும் இல்லை.

அதிகாரி ஒரு பட்டியலை நீட்டி, பெயருக்கு எதிரே கையெழுத்துப் போடச் சொன்னார். நூற்று அறுபத்து மூன்றாவது வரி. ஏஜெண்டின் சம்பளச் சீட்டில் அவருடைய பெயர் பாதிதான் வரும். இங்கே அப்பா பெயரோடு முழுதாக இருந்தது. பக்கத்தில் 'தெத்தாப்' என்று போட்டிருந்தது; நிரந்தரம். சேர்ந்த தேதி 2016 ஏப்ரல் 4. அவர் முதன்முதலில் இந்த வாசலுக்குள் வந்த நாள் அது. இப்போதைய ஏஜெண்டிடம் அந்தத் தேதி கிடையாது. ஆபீசில் யாரோ ஒருவர் அதை ஒன்பது வருடமாக வைத்திருந்திருக்கிறார்.

அவர் கையெழுத்துப் போட்டார். வழக்கத்தைவிட நேரம் பிடித்தது. சாயங்காலம் சட்டையை மடித்து முகுந்தனிடம் கொடுத்துவிட்டு வேனில் ஏறினார்.

மறுநாள் செவ்வாய். வேன் ஆறே காலுக்கு வந்தது. ஏழு மணிக்கு வேலை தொடங்கியது. பத்து மணி இடைவேளையில் அவர் கேன்டீனுக்குப் போகாமல் மாடியேறி ஆபீசுக்குப் போனார். கவுண்டரில் ஷாமினி இருந்தாள், ஆட்களின் பதிவைப் பார்க்கும் கிளார்க்.

"நேத்து லிஸ்ட்ல நூத்தி அறுவத்தி மூணாவது பேரு என்னுது. எனக்கு ஸ்டாஃப் கார்டு வேணும்மா."

"ஆன்டி, அது ஆபீசருக்காகப் போட்ட லிஸ்ட்டு லா."

"ஆபீசர் கேட்டாங்க, நான் ஆமான்னேன். நீங்க ஒரு தடவ ஆமான்னு சொல்லுங்க."

"நான் என்னா சொல்றது? மேனேஜர் வரணும்."

"வரட்டும்."

பத்தே காலுக்கு, இடைவேளை முடிந்ததென்று, சங்கு ஊதியது. "ஆன்டி, சங்கு ஊதிருச்சு" என்றாள் ஷாமினி.

"கேட்டுச்சும்மா."

சுவரோரம் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து, மேனேஜர் அறைக் கதவுக்கு நேராகத் திருப்பிப் போட்டு, அவர் உட்கார்ந்தார்.