தொட்டிலில் விழுந்த மரப்பொடி

மட்டாஞ்சேரியில் என்னளவுக்குப் பாட்டுக் கேட்டவன் கிடையாது. பொய்! என்னளவுக்கு இசைத்தட்டு வாங்கியவன் கிடையாது, அவ்வளவுதான். யூதத் தெருவில் வீட்டைக் காலி செய்து கப்பலேறியவர்கள் விற்ற தட்டுகளையெல்லாம், மிளகு மூட்டை தூக்கும் இதே தோளில் சுமந்து வந்து மர மச்சில் அடுக்கினேன். ஊசி பட்டால் தட்டு தேய்ந்துவிடுமாம். அதனால் ஒன்றைக்கூட ஓட்டிக் கேட்டதில்லை. பள்ளிக்கூடம் பார்க்காத மூளை!

மச்சுக்கு நேர் கீழே குழந்தையின் தொட்டில். அதில் தினமும் மரப்பொடி உதிர்ந்தது.

"கேட்டீங்களா, மேல கறகறன்னு சத்தம் வருது," என்றாள் மனைவி.

"எலிதான்டீ. பாட்டு கேக்க வந்திருக்கும்."

"எலிக்கு இருக்கற யோகம் எனக்கில்ல. ஒண்ணாவது போடுங்களேன்."

அவள் வாய்க்குப் பயந்து, ஒரு ஞாயிறு காலை வாசலில் கிராமபோனை வைத்துச் சாவி கொடுத்தேன். குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவளும் வந்தாள். பாட்டு பாதிகூட ஓடவில்லை, உள்ளே இடி விழுந்த மாதிரி சத்தம். கரையான் அரித்த பலகையோடு அத்தனை தட்டுகளும் தொட்டிலின் மேல் கிடந்தன. தொட்டில் இருந்த இடமே தெரியவில்லை.

அன்றுமுதல், வாங்கும் தட்டை அன்றே கேட்டுவிடுகிறேன். புது மச்சில் ஒன்றையும் ஏற்றுவதில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே உள்ளிருந்து குரல்:

"கேட்டீங்களா, மறுபடியும் கறகறங்குது! மேல என்ன வெச்சிருக்கீங்க?"

நாலே நாலு கட்டுதான். முதலில் குழந்தையைத் தூக்கிவிட்டு, அதை இறக்கப் போகிறேன்.