மார்ச் மாதத்து ஸ்டார்

நகரம் ஸ்மார்ட் நிர்வாகத்துக்கு எவ்வளவு தயார் என்று வீடு வீடாகக் கேட்டு டேப்லெட்டில் ஏற்றும் வேலை எனக்கு. ஒரு தனியார் ஏஜென்சி கொடுத்த மூன்று மாத ஒப்பந்தம். நகரம் தயாரோ இல்லையோ, நான் தயாராக இல்லை. கள்ளக்குறிச்சி வெயிலில் ஒரே கேள்வியைப் பத்து வீட்டில் கேட்டால் யாருக்கும் வாய் நீளும். எனக்குக் கேட்கவே வேண்டாம்.

ஆனால் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த அந்தச் சந்தில் எல்லாம் பிரமாதமாகப் போனது. செல்போன் எண் கேட்டால் யாரும் யோசிக்கவே இல்லை, மளமளவென்று ஒப்பித்தார்கள். ஆன்லைன் புகார்களைத் திறந்தால் எல்லாவற்றிலும் ‘தீர்ந்தது, முழுத் திருப்தி’ என்று பச்சைக் குறி. ஊரிலேயே சந்தோஷமான தெரு இதுதான் என்று பூரித்துப்போய் மதிப்பெண்ணை வாரி வழங்கினேன்.

கடைசி வீட்டு வாசலில் வெளுத்துப்போன கிறிஸ்துமஸ் ஸ்டார் ஒன்று தொங்கியது. அப்போது மார்ச். கச்சிராயபாளையத்தில் ஒரு விடுதியில் சமையல் வேலை பார்க்கும் அக்கா, காலில் கட்டோடு வந்து கதவைத் திறந்தார்.

“இன்னாக்கா, ஏசு பொறந்து மூணு மாசம் ஆவுது, இன்னும் ஸ்டாரை எறக்கலையா?”

“அது ஸ்டாரு இல்லம்மா, தெரு லைட்டு. கம்பத்துல லைட்டு எரிஞ்சி எம்மா நாளாவுது! வெடியகாலம் மொத பஸ்ஸுக்குப் போவணும். இது எரிஞ்சும் அன்னிக்கு மூடி இல்லாத கால்வாயில காலை வுட்டுட்டேன். இன்னொரு தபா வுழுந்தா என் வேலையே பூடும்.”

“புகார் குடுக்கலையா?”

“மூணு தபா குடுத்தாச்சு. ஒருத்தரும் வரல.”

டேப்லெட்டில் மூன்றுமே பச்சை. அக்கா சொன்ன செல்போன் எண்ணைத் தட்டும்போதுதான் எனக்கு உறைத்தது. காலையிலிருந்து எல்லா வீட்டுக்கும் இதே எண்ணைத்தான் தட்டிக்கொண்டிருந்தேன். என் மதிப்பீட்டின் லட்சணம் அவ்வளவுதான்.

அது சந்து முனை மளிகைக்கடை பாயின் எண். ஆஃபருக்கு ஒரு சிம் மாற்றும் தெருவில், மாறாத எண் அவருடையது ஒன்றுதான். அதனால் கேஸ் புக்கிங்கோ புகாரோ, எதுவானாலும் அதையே கொடுப்பது அங்கே வழக்கம். மெசேஜ் வந்தால், பால் வாங்க வரும்போது சொல்லிவிடுவார்.

நேரே கடைக்குப் போய்க் கேட்டேன். “பாய், லைட்டு சரியாயிடுச்சான்னு போன் வந்துச்சா?”

“வருமே. சரின்னா ஒண்ண அமுக்கு, இல்லன்னா ரெண்ட அமுக்குன்னு ஒரு பொம்பள பேசும். வியாபார நேரத்துல யாரும்மா கேட்டுக்கினு இருக்கிறது? ஒண்ண அமுக்கினா மருவாதியா வச்சிடும். ரெண்ட அமுக்கினா ஜாஸ்தி கேள்வி கேக்குது.”

நான் கத்திய கத்தலில் கடையில் நின்றவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். அக்கா விழுந்தது பாய்க்குத் தெரியும். ஒவ்வொரு முறையும் தான் ஒன்றை அமுக்கியதால்தான் புகார் மூடிக்கொண்டது என்பது தெரியாது. அவர் முகம் சுண்டிப்போனது. நானும் கொஞ்சம் குறைத்துக் கத்தியிருக்கலாம்.

தெருவின் மதிப்பெண்ணைத் திருத்தப்போவதாக ஏஜென்சி மேற்பார்வையாளருக்குச் சொன்னேன்.

“திருப்திய மட்டும் கம்மி பண்ணாதீங்க மேடம், ரிப்போர்ட்டு அழகா இருக்குது” என்று கெஞ்சினார்.

கம்மி பண்ணினேன். அதற்குப் பிறகு என் ஒப்பந்தத்தை யாரும் நீட்டிக்கவில்லை, அது வேறு விஷயம்.

நான்காவது புகாரை பாய் கடையிலிருந்தே போட்டோம். சில நாளில் ஏணியோடு ஆள் வந்து புது லைட்டு மாட்டிவிட்டுப் போனார். ஒரு மணி நேரத்தில் போன். கடையை அப்படியே போட்டுவிட்டு, போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பாய் அக்கா வீட்டுக்கு ஓடுவதை அடுத்த சந்தில் இருந்து பார்த்தேன். பின்னாலேயே நானும் ஓடினேன்.

“இம்மா வெயில்ல எரியுதா இல்லையான்னு எப்டிங்க சொல்றது?” என்று அக்கா ரெண்டை அமுக்கினார். போனில் பேசிய பெண் உடனே கேள்விமேல் கேள்வி கேட்க ஆரம்பித்தாள்.

“நான் சொல்லல?” என்றார் பாய்.

“இருட்டினப்புறம் கூப்புடும்மா” என்று பதிவு செய்த குரலுக்கு அக்கா பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுவாரம் போனபோது வாசலில் ஸ்டார் இல்லை. அக்கா காலில் கட்டும் இல்லை.

“எங்கக்கா ஸ்டாரு?”

“பீரோ மேல கெடக்குது. இனிமே டிசம்பருக்குத்தான்.”

டேப்லெட்டைத் திறந்து அந்த வீட்டுக்கு மட்டும் பச்சைக் குறி போட்டேன்.