மேலண்ணனின் முதல் தம்ளர்

ஏணியின் முதல் படியில் கால் வைப்பதற்கு முன், தொப்புளுக்குக் கீழே மூன்று விரல்களை அழுத்தி, தலையைச் சற்றுச் சாய்த்து நிற்பார். கதவுக்குப் பின்னால் நடக்கும் பேச்சை ஒட்டுக்கேட்பவர் போல இருக்கும். பிறகு ஏறுவார்.

கட்டட வேலையில் கோபுரக் கிரேன் ஓட்டுபவர். இருபது மாடி உயரத்தில் கண்ணாடிக் கூண்டு. உள்ளே ஒரு நாற்காலி, இரண்டு கைப்பிடிகள். கழிப்பறை கிடையாது. எங்களுக்கெல்லாம் அவர் மேலண்ணன். கீழே நின்று வாக்கிடாக்கியில் வழி சொல்பவன் நான்.

அந்த வருடம் அவர் வயிறு அவருக்கே எதிரியானது. ஏறி ஒரு மணி நேரத்துக்குள் உப்பும், உருட்டும். "தம்பி, இறங்கறேன்" என்று குரல் வரும். இறங்கி ஏற முக்கால் மணி நேரம். கான்கிரீட் லாரிகள் வரிசையில் உறுமிக்கொண்டு நிற்கும்.

"இன்னொரு தடவை இறங்கினீங்கன்னா, குடோன்ல கம்பி எண்ண வேண்டியதுதான்" என்றார் சூப்பர்வைசர்.

"ஜெயில்ல எண்றதுக்கு அது தேவலை சார்" என்றார் மேலண்ணன். சிரித்தார், கை மட்டும் வயிற்றில் இருந்தது.

காலைச் சாப்பாட்டை விட்டார். தண்ணீரையும் குறைத்தார். "உள்ள போனாத்தானே வெளிய வரும்" என்பது அவர் கணக்கு. நெஞ்செரிச்சலும் தலைவலியும் சேர்ந்துகொண்டதுதான் மிச்சம். விடாமல் குடித்தது ஒரு தம்ளர் டீ மட்டும். அது விட முடியாதது. காலையில் டீ கொண்டுவரும் அக்காவின் கெட்டிலிலிருந்து முதல் தம்ளர் கிரேன்காரருக்கு. அவர் குடித்த பிறகே மற்றவர்களுக்கு, அதன் பிறகே கிரேன் கொக்கி மேலே போகும். ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

கிளினிக் டாக்டரம்மா சோதனைகள் எடுத்துப் பார்த்தார். பயப்படும்படி எதுவுமில்லை. "ரெண்டு வாரம் என்ன சாப்பிட்டீங்க, எப்ப வயிறு கெட்டுச்சுன்னு எழுதிட்டு வாங்க. பட்டினி கிடக்காதீங்க, தண்ணி குடிங்க."

என் சட்டைப்பையில் கவிதைகள் எழுதிவைத்த நோட்டு இருப்பது மேலண்ணனுக்குத் தெரியும். "அதுல எழுது. நடுவுல என் வயிறும் கிடக்கட்டும்."

ஏழே முக்கால்: டீ. எட்டரை: உருட்டல். ஞாயிறு: ஒன்றுமில்லை.

"வரியை உடைச்சு உடைச்சு எழுதினா இதுவும் கவிதைதானே?" என்றார் மேலண்ணன்.

ரெண்டு வாரம் கழித்து, டாக்டரம்மா அந்த ஞாயிறுகளில் விரலை வைத்தார். அன்று லீவு, வீட்டில் இருப்பார்; அண்ணிக்குப் பால் வாசனை ஆகாது. அங்கே பாலில்லாத டீதான்.

"வயசாக ஆகச் சிலருக்குப் பால் செரிக்காது. கொஞ்ச நாள் நிறுத்திப் பாருங்க."

மறுநாள் காலை பத்து பேர் பார்த்துக்கொண்டிருக்க, முதல் தம்ளர் வந்தது. மேலண்ணன் கொக்கியைப் பார்த்தார், சூப்பர்வைசரைப் பார்த்தார்.

"அக்கா, எனக்கு இனிமே பால் வேணாம்."

"முதல் தம்ளராச்சே" என்று கம்பி கட்டுபவர் இழுத்தார்.

அக்கா தம்ளரை வாங்கி அந்தக் கம்பிக்காரர் கையிலேயே கொடுத்தாள். "நீ குடி. உனக்குத்தான் கல்லையும் செரிக்குமே." வேறொன்றில் பாலில்லாமல் ஊற்றி மேலண்ணனிடம் நீட்டினாள்.

இரண்டு வாழைப்பழமும் ரொட்டியும் தின்றுவிட்டு ஏறினார். மதியம் வரை "இறங்கறேன்" என்ற குரல் வரவில்லை. கட்டடம் முடியும்வரை நாற்காலி அவருடையதாகவே இருந்தது. ஏறுமுன் வயிற்றில் மூன்று விரல் வைக்கும் பழக்கம் மட்டும் போகவில்லை.

வேலை முடிந்து கிரேனைப் பிரித்த அன்று, கெட்டிலைக் கழுவிக்கொண்டே அக்கா சொன்னாள்: "அந்த முதல் தம்ளரை ஆரம்பிச்சதே மேலண்ணன்தான். மொத நாள் ஏணியை அண்ணாந்து பாத்துட்டு, 'ஒரு டீ குடிச்சிட்டு ஏறறேன்க்கா'ன்னாரு. ஏணி வரைக்கும் போயிப் போயித் திரும்பி வந்தாரு. மூணு தம்ளர் குடிச்சாரு."